அடைக்கலம் வந்த தவளை

வீட்டில் வளர்க்கும் உயிர்கள் எவை என்று கேட்டால், ஆடு, மாடு, கோழி, நாய், பூனை என்று நம் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லுவார்கள். நகரத்துப் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ண மீன்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வரிசையில் தவளைக்கு இடமில்லை. அதற்கு நம்மிடையே நற்பெயரும் இல்லை. உலகம் அறியாதவனைக் கிணற்றுத் தவளை என்கிறோம். வாயடக்கம் இல்லாமல் தன்னையே காட்டிக்கொடுத்துக் கெடுகிறவனுக்கு நுணலை உவமை சொல்கிறோம். உடைத்த தேங்காயில் உள்ளீடு இல்லையென்றால் தேரை மோந்த தேங்காய் என்று பழியை அதன் தலையில் போடுகிறோம். விடுதலைப் பயண நூலிலும் எகிப்து நாட்டின்மேல் வந்த வாதைகளுள் ஒன்றாகவே தவளையைச் சந்திக்கிறோம்.

ஆயினும், கல்லினுள் கிடக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறார் என்று நம்பிக்கையோடு சொல்வதும் இதே தமிழ் நாவேயன்றோ? ஒரு கோடைகாலம் முழுவதும் ஒரு தவளைக்கு நாங்களே படியளக்க வேண்டி வந்தது. அந்த வேலை எத்தனை பெரியது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அதிலிருந்து கற்றவை எங்கள் வீட்டுச் சுவருக்குள் அடங்குபவை அல்ல. ஆதலின் வாசகக் குடும்பங்களோடு அவற்றைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். செம்மண் பூமி. பலாவும் முந்திரியும் தென்னையும் எங்கள் பக்கத்துச் செல்வங்கள். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரையேறிய கஜா புயல் அச்செல்வத்தில் பெரும்பகுதியை ஓர் இரவில் சாய்த்துவிட்டதை இவ்வட்டாரத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. எங்கள் கொல்லையில் நின்ற பெரிய பலாமரமும் அன்று வேரோடு வீழ்ந்தது. நல்ல கட்டைகளை விற்றோம். விலை போகாத கிளைகளும் வேர்க்கட்டையும் கொல்லையிலேயே ஒரு குவியலாகக் கிடந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை இற்று, கறையான் பிடித்து, சருகு மூடி, ஏறத்தாழ மண்ணோடு மண்ணாயின.

அக்குவியலை அகற்றிவிட்டுக் கொல்லை முழுவதற்கும் சிமெண்டுத் தரை போடுவதென்று ஒரு பங்குனி மாதம் முடிவு செய்தோம். அதற்குத் தக்க காரணம் இருந்தது. பிள்ளைகள் அப்பத்தா என்றழைக்கும் எங்கள் வீட்டு மூதாட்டி, முந்திய மழைக்காலத்தில் கொல்லைச் சேற்றில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு, இரண்டு மாதங்கள் படுக்கையில் இருந்தார். மீண்டும் ஒருமுறை விழுந்தால் அவருடைய வயதில் எழுவது அரிது. மரக்குவியலில் பாம்பு அடையும் என்ற அச்சமும் இருந்தது.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரத்தில் வேலை தொடங்கியது. கட்டைகளைப் புரட்டியபோது அடியிலிருந்த ஈரச் சருகினுள் அந்தத் தவளை அகப்பட்டது. இரண்டு அங்குல நீளம் இருக்கும். கரும்பழுப்பு முதுகில் செங்கல் நிறத்தில் ஒழுங்கற்ற பட்டைகள். மிகச் சிறிய வாய். தொட்டவுடன் காற்றை உள்ளிழுத்து உருண்டையாக உப்பிக்கொண்டது. தோலில் பால் போன்ற பசை கசிந்தது. எங்கள் ஒன்பது வயது மகள் அதைப் பார்த்துக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு ஓர் உயிர் வெறும் உயிராக இருப்பதில்லை என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

அப்பத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஏத்தா, அதைக் கொண்டுபோய் வெளியே விடு. தேரை விழுந்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்பார்கள்” என்றார்.

“வெளியே எங்கே விடுவது அப்பத்தா? நாளைக்கு எல்லா இடமும் சிமெண்டு ஆகிவிடுமே?” என்றாள் பேத்தி.

அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அது சித்திரை வெயில் தொடங்கிய நேரம். அண்டை வீட்டுக் கொல்லைகள் முன்பே தளம் போட்டவை. ஊருணி வற்றிக் கிடந்தது. கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் உறவினர் ஒருவர் எங்களுக்கு உண்டு. பிள்ளைகளுக்குப் பெரியப்பா முறை. அவரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவர் சொன்ன விவரங்கள் எங்களுக்கு வியப்பளித்தன.

இது காட்டுத் தரையிலும் தோட்டத்துச் சருகிலும் வாழும் தவளை. அறிவியலார் இதனை உப்பெரோடான் டாப்ரொபானிக்கஸ் என்பர். 1934-ஆம் ஆண்டில் பார்க்கர் என்னும் ஆங்கில விலங்கியலார் இதனை முதன்முதலாக விவரித்தார். டாப்ரொபேன் என்பது பண்டைக் கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இது காணப்படுகிறது. முழு வளர்ச்சி பெற்றாலும் மூன்று அங்குலத்தைத் தாண்டுவது அரிது. பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளிப் பின்புறமாகவே புதைந்துகொள்ளும்; மரத்திலும் ஏறும். எறும்பும் கறையானுமே இதன் முதன்மை உணவு. நம் முன்னோர் மணலில் புதைந்து கிடக்கும் தவளை வகையை நுணல் என்றனர். மண்ணுள் மறைந்து வாழும் தவளைகளை அவர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு அப்பழமொழியே சான்று.

பெரியப்பா ஓர் எச்சரிக்கையும் செய்தார். காட்டுயிர்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன் அட்டவணைகள் 2022-ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்பட்டன. ஆதலின் விளையாட்டுக்காகவோ அழகுக்காகவோ எந்தக் காட்டுயிரையும் பிடித்து வைக்கலாகாது. “வளர்க்கிறோம் என்று எண்ணாதீர்கள். வேலை முடியும்வரை அடைக்கலம் கொடுக்கிறோம் என்று எண்ணுங்கள். எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்” என்றார். அடைக்கலம் என்ற சொல் எங்கள் மனத்தில் நின்றுவிட்டது.

பரண்மேல் கிடந்த இரண்டடி நீள மீன்தொட்டியைக் கழுவிக் காயவைத்தோம். சோப்பு போடவில்லை. தவளை நம்மைப் போல வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலாலேயே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சும் ஒரு பகுதி தோல் வழியாகவே நடைபெறுகிறது. அதனால் தோலில் படும் எந்த நஞ்சும் உடலுக்குள் சென்றுவிடும். நம் கையிலுள்ள உப்பு, எண்ணெய், சோப்பு ஆகியவைகூட அதற்குத் தீங்கு. தவிர்க்க முடியாமல் தொட நேர்ந்தால் நல்ல நீரில் நனைத்த கையாலேயே தொட வேண்டும். தொட்ட பின் நாமும் கைகழுவிக்கொள்ள வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை உடனே ஊற்றலாகாது. கிணற்று நீர் நன்று. இல்லையேல் குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம்.

தொட்டியில் ஒரு சாண் ஆழத்துக்கு அதே கொல்லை மண்ணையும் தென்னை நார்க்கழிவையும் கலந்து நிரப்பினோம். உரமோ பூச்சிமருந்தோ பட்ட மண் ஆகாது. அதன்மேல் பலாச் சருகு. ஒரு மூலையில் உடைந்த பானை ஓட்டைக் கவிழ்த்து நிழல் அமைத்தோம். ஆழமற்ற மண் தட்டில் நீர் வைத்தோம். ஒரு பாதியை ஈரமாகவும் மறுபாதியைச் சற்று உலர்ந்ததாகவும் வைத்தால், தனக்கு வேண்டியதைத் தவளையே தேர்ந்துகொள்ளும். கொசுவலையால் வாயைக் கட்டி, வெயில் படாத திண்ணை மூலையில் வைத்தோம். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும் என்பதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

உறைவிடம் எளிதாகவே அமைந்தது. உணவுதான் பெரும்பாடாயிற்று. தவளை அசையும் இரையை மட்டுமே உண்ணும். சோற்றுப் பருக்கையையோ பிஸ்கட் துகளையோ அது கண்ணெடுத்தும் பாராது. முதல் நாள் பலா இலையில் வெல்லத்தைத் தடவிச் சிறு கறுப்பெறும்புகளைச் சேர்த்துத் தொட்டிக்குள் வைத்தோம். இருட்டிய பிறகு சருகு அசைந்தது. கொழுக்கட்டை மெல்ல வெளிவந்து, நாவை நீட்டி எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தது. விழுங்கும்போது கண்கள் உள்ளே அழுந்தி மூடின. கண்களை உள்ளே அழுத்தியே இரையைத் தொண்டைக்குள் தள்ளுவது தவளையின் வழக்கம் என்று பிறகு அறிந்தோம். ஆனால் தட்டிலிருந்த எறும்புகளில் பாதி கொசுவலை வழியே தப்பித் திண்ணை முழுவதும் பரவிவிட்டன.

அப்போது துணைக்கு வந்தவர் வேறு யாருமல்லர், அப்பத்தாவேதான். அந்நாளில் கோழிக்குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துப் போட்டு வளர்த்தவர் அவர். பழைய மண்பானையில் காய்ந்த சாணத்தையும் வைக்கோலையும் கந்தல் சாக்கையும் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். மறுநாள் விடியலில் பானையைத் திருப்பினால் உள்ளே வெள்ளையாகக் கறையான் மொய்த்திருந்தது. வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். தேரை விழும் என்று அஞ்சியவர், சில நாட்களில் “பிள்ளைக்கு இன்றைக்கு என்ன போட்டீர்கள்?” என்று தவளையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

ஒரு தவளை. அதற்கு உணவு தேட வீட்டில் நான்கு பேர். இதை எண்ணிப் பார்த்தபோதுதான், இற்றுப்போன அந்த மரக்குவியல் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குப் புலப்பட்டது. கட்டை இற்றது, கறையான் வந்தது, சருகு ஈரத்தைக் காத்தது, எறும்பு புற்று வைத்தது. இவற்றிற்கிடையே தவளை யாருடைய உதவியுமின்றி உண்டு உறங்கிற்று. அக்குவியல் செய்த வேலையைத்தான் நாங்கள் பானையும் கொசுவலையும் வெல்லமும் வைத்துக்கொண்டு அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தோம்.

வைகாசி மாதத்தில் ஒரு சோதனை வந்தது. கொழுக்கட்டை மண்ணுக்குள் புதைந்தது, மறுநாள் வரவில்லை, ஒரு வாரம் வரவில்லை, இரண்டாம் வாரமும் வரவில்லை. போட்ட கறையான் அப்படியே கிடந்தது. எங்கள் மகள் உணவு செல்லாமல் தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். தோண்டிப் பார்த்துவிடலாம் என்று நாங்களும் எண்ணினோம்.

“பெரியப்பா, அது செத்துப் போய்விட்டதா?” என்று தொலைபேசியில் அழுதாள்.

“இல்லையம்மா. வெயில் காலத்தில் அது அப்படித்தான் உறங்கும். தோண்டாதே. தோண்டினால் அதன் ஈரம் கலைந்துவிடும். மண்ணின் அடி காயாமல் மட்டும் பார்த்துக்கொள்” என்றார் அவர்.

அவள் மனத்தைத் தேற்ற அவர் ஓர் உண்மைக் கதையும் சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஊதாநிறத் தவளை ஒன்றை எஸ்.டி. பிஜுவும் பிரான்கி பொசைட்டும் 2003-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே வாழ்ந்து, மழை தொடங்கும் சில நாட்களில் மட்டும் இனப்பெருக்கத்திற்காக அது வெளியே வருகிறது. அதனால்தான் அறிவியலுலகம் அதைப் பெயரிட்டு அறிய அத்தனை காலமாயிற்று. அதன் உறவான மற்றோர் இனம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் கண்டறியப்பட்டு, 2017-ஆம் ஆண்டில் பூபதி என்னும் மறைந்த ஊர்வன ஆய்வாளரின் பெயரைப் பெற்றது. “அவ்வளவு நாள் மண்ணுக்குள் இருக்கிற தவளைகளே சாகவில்லை. உன் கொழுக்கட்டைக்கு இரண்டு வாரம் ஒன்றுமில்லை” என்றார்.

காத்திருந்தோம். காத்திருத்தல் எங்கள் வீட்டிற்குப் புதிய பாடமாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் படம் வரும் காலத்துப் பிள்ளைகளுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை நம்பி நாள்தோறும் ஒரு குவளை நீர் தெளிப்பது எளிதன்று. மாதக் கடைசியில் ஓரிரவு இடியோடு கோடைமழை பெய்தது. காற்றில் ஈரம் ஏறியது. பாதி இரவில் மகள் எங்களை எழுப்பினாள். சருகின்மேல் கொழுக்கட்டை உட்கார்ந்திருந்தது. உடல் இளைத்திருந்தது, கண்கள் தெளிவாக இருந்தன. அன்றிரவே விடியும்வரை கறையான் தின்றது.

இந்தக் கவலை எங்கள் வீட்டோடு நின்றதன்று. ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டின் கிகான்சி என்னும் பள்ளத்தாக்கில் அருவிச் சாரலில் நனைந்த தரையில் மட்டும் வாழ்ந்த சிறு தேரை ஒன்று 1996-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. விரல் நுனியளவே இருக்கும் அது. முட்டையிடாமல் குட்டி ஈனும். மின்சாரத்திற்காகக் கட்டிய அணை 2000-ஆம் ஆண்டில் அருவியின் பெரும்பகுதி நீரைத் திருப்பிவிடவே, சாரல் நின்றது. அவ்வாண்டே 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவின் விலங்கியற் பூங்காக்களுக்குக் கொண்டுசென்றனர். பள்ளத்தாக்கிலோ குழாய் வைத்துச் செயற்கைச் சாரல் தெளித்தனர். ஆயினும் 2009-ஆம் ஆண்டில் அத்தேரை இயற்கையில் முற்றும் அழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. பூங்காக்களில் கண்ணாடிக்குள் பிழைத்திருந்தவற்றின் வழித்தோன்றல்களை 2012-ஆம் ஆண்டு முதல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கைப்பிடியளவு தேரைகளைக் காக்க எத்தனை கல்விமான்கள், எத்தனை பொருட்செலவு! முன்பு அந்த அருவி அவ்வேலையைச் செலவின்றிச் செய்துகொண்டிருந்தது.

நம் நாட்டிலும் ஒரு படிப்பினை உண்டு. 1980-களில் இந்தியாவிலிருந்து தவளைக் கால்கள் வெளிநாட்டு விருந்துகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயின. கண்மாய்க் கரைகளில் இரவில் விளக்கோடு வந்து சாக்குச் சாக்காகத் தவளை பிடித்துச் சென்றவர்களை அப்பத்தா நன்கு நினைவு வைத்திருக்கிறார். 1985-ஆம் ஆண்டில் நம் பெரிய வயல் தவளை பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் இந்தியா அவ்வேற்றுமதியை நிறுத்தியது. வயலில் பூச்சிகளைத் தின்னும் உயிரை விற்றுவிட்டுப் பூச்சிமருந்தை விலைக்கு வாங்குவது எவ்வகைக் கணக்கு என்ற கேள்வி அன்று வலுவாக எழுந்தது.

இன்று தவளைகளுக்குப் பெரும் அச்சம் நோய். 1999-ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட ஒருவகைப் பூஞ்சை அவற்றின் தோலைத் தாக்குகிறது. தோலாலேயே நீருண்டு மூச்சுவிடும் உயிருக்குத் தோல்நோய் உயிர்நோயன்றோ? 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, உலகில் 501 இன நீர்நில வாழ்வன இந்நோயால் குறைந்துள்ளன என்றும், அவற்றுள் 90 அழிந்துவிட்டன எனக் கருதப்படுகிறதென்றும் கணக்கிட்டது. அழகுக்காகத் தவளைகளை நாடு விட்டு நாடு கொண்டுசென்று விற்றதும் இந்நோய் பரவிய வழிகளுள் ஒன்று. பெரியப்பா, எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்று வற்புறுத்தியதன் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கிற்று. இரக்கப்பட்டு வேறோர் ஊர்க் குளத்தில் விடுவதும் அக்குளத்துத் தவளைகளுக்கு ஆபத்தாகலாம்.

ஆக, கேள்வி மீண்டும் கொல்லைக்கே வந்து நின்றது. எடுத்த இடம் இருந்தால்தானே எடுத்த இடத்தில் விட முடியும்?

இரவு உணவுக்குப் பின் குடும்பமாகக் கூடிப் பேசினோம். ஒரு பக்கம் அப்பத்தாவின் இடுப்பு. மறுபக்கம் ஒரு தவளை. மனிதரின் நலத்தைத் தவளைக்காகப் பணயம் வைக்க எவரும் சொல்லவில்லை. எங்கள் மகளும் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒன்று கேட்டாள்: “அப்பத்தா எந்த வழியாக நடப்பார்களோ அந்த வழிக்கு மட்டும் சிமெண்டு போட்டால் போதாதா?” அப்பத்தா கொல்லைக்கதவிலிருந்து துவைகல்லுக்கும் குளியலறைக்கும் போவார்; வேறெங்கும் போவதில்லை. கொத்தனாரை அழைத்துக் கேட்டோம். “முழுவதும் போட்டால் பார்வையாக இருக்கும். வழிக்கு மட்டும் என்றால் செலவு பாதிகூட ஆகாது” என்றார் அவர்.

அவ்வாறே முடிவாயிற்று. நான்கடி அகலத்தில் வழுக்காத சொரசொரப்பான நடைபாதை, பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் குழாய், மின்விளக்கு ஒன்று. மீதி இடம் மண்ணாகவே விடப்பட்டது. இற்ற கட்டைகளை வீட்டிலிருந்து தள்ளி, மதிலோர மூலையில் அடுக்கிச் சருகு மூடினோம். பாதையருகே குப்பையோ புதரோ சேரவிடுவதில்லை என்றும், இரவில் அம்மூலைக்குப் பிள்ளைகள் போவதில்லை என்றும் விதி செய்துகொண்டோம். பாம்பைப் பற்றிய அச்சத்திற்கு அது போதிய மறுமொழி.

கொத்தனார் வேறு வேலையில் இருந்ததால் பாதை ஆடி மாதத்தில்தான் முடிந்தது. புதுச் சிமெண்டிலிருந்து கசியும் நீர் காரம் மிக்கது. தவளையின் தோலைப் புண்ணாக்கும். நன்கு இறுகிக் கழுவுண்ட பிறகே விடலாம் என்று மேலும் சில வாரங்கள் பொறுத்தோம். ஆகஸ்டு இறுதியில், வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளின் பாடல் சாலையில் கேட்கத் தொடங்கிய நாட்களில், மாலையில் நல்ல மழை பிடித்தது. அன்றிரவு தொட்டியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குச் சென்றோம். கொசுவலையை அவிழ்த்துப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம். கொழுக்கட்டை சிறிது நேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஈரச் சருகில் இறங்கி, பின்னங்கால்களை மாற்றி மாற்றி அசைத்து, எங்களைப் பார்த்தபடியே பின்புறமாக மண்ணுக்குள் சென்றது. எங்கள் மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் தொட்டியில் மீதியிருந்த கறையான்களையும் அவ்விடத்திலேயே கொட்டிவிட்டு, “வழிச்சோறு” என்றாள்.

அதன்பின் அதை நாங்கள் காணவில்லை. மழைக்காலத்து இரவுகளில் அண்மையிலுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து அவ்வினத்து ஆண் தவளைகளின் கரகரத்த குரல் கேட்கிறது. கொழுக்கட்டையோ எங்களிடம் இருந்தவரை ஒரு நாளும் கூவியதில்லை. அது பெண்ணாக இருக்கலாம். எப்படியாயினும், அது இருக்க ஓர் இடம் இருக்கிறது என்பதே எங்களுக்கு ஆறுதல்.

நம் மாவட்டத்து அய்யனார் கோயில்களைச் சுற்றி வீரையும் பாலையும் காசானும் உசிலையும் அடர்ந்த காடுகள் இன்றும் ஆங்காங்கே எஞ்சியிருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகையைச் சேர்ந்தவை அவை. புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து அவற்றின் மரங்களை எண்ணி ஆராய்ந்திருக்கிறார்கள். அக்காட்டுக்குள் விறகு வெட்டலாகாது, சருகு அள்ளலாகாது என்று ஊரார் காத்த கட்டுப்பாடுதான் அத்தரையைக் காப்பாற்றியது. மரத்தைக் காப்பதாக நினைத்தவர்கள் சருகையும், சருகின் வழியே எறும்பையும் தவளையையும் சேர்த்தே காத்தார்கள். நம் கோயில் வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பள்ளி மைதான ஓரங்களிலும் அப்படி ஒரு மூலையை விட்டுவைப்பது நம்மால் இயலாததன்று.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகள் தவளையை வளர்க்க விரும்பினால் கடிந்துகொள்ள வேண்டாம். கடையில் தேடி வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். வாய்ப்புள்ள ஒரு வீட்டுக் கொல்லையில் நான்கு முழம் மண்ணைச் சிமெண்டின்றி விட்டுவைத்து, அதில் பழங்கட்டையும் சருகும் போட்டு, மருந்து தெளிக்காமல், ஒரு மண் தட்டில் நீர் வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவும் செய்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். வருவது எறும்பாக இருக்கலாம், தேரையாக இருக்கலாம். அடுத்த மழையில் வரலாம், அடுத்த ஆண்டும் வரலாம். அதுவரை கூண்டும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த மண்ணின் ஈரம் ஒன்றுதான்.